கையுறையின் உள்பக்கம்

1

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு அக்கா போன் செய்தாள். இந்தக் கதை அந்த அழைப்பிலிருந்து வந்தது. "இதை எழுதித் தொலைச்சிடாத" என்று சொல்லிவிட்டுத்தான் பேச ஆரம்பித்தாள். எழுதுகிறேன். இதைவிட மோசமானதை ஏற்கெனவே செய்துவிட்டேன். மூன்றாம் பகுதியில் வரும்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'பனி பெய்துகொண்டிருந்த ஒரு காலையில், அன்பின் கதகதப்பை'

(அடித்துவிட்டேன். பனியெல்லாம் இல்லை. வெறும் குளிர்.)

2

அத்தான் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். பக்கவாதம் வந்தபின் பேச்சு இல்லை. இடது கையில் உணர்ச்சி இல்லை. அந்தக் கை எப்போதும் சில்லென்று இருக்கும். அதற்காக அக்கா கம்பளி நூலில் கையுறை பின்னினாள். கட்டைவிரலுக்குத் தனி அறை, மற்ற நான்குக்கும் ஒரே பை. கருநீலத்தில் வெள்ளை நட்சத்திரங்கள்.

இரண்டு நிறத்தில் பின்னும்போது ஒரு நூல் முன்னால் கண்ணியாகும். மற்றது தன் முறை வரும்வரை பின்பக்கம் சும்மா ஓடும். தூரம் அதிகமானால், நான்கு கண்ணிக்கு ஒருமுறை அதைப் பின்பக்கமே மாட்டிவிட வேண்டும். மாட்டிய இடத்தில் நீலத்தின் நடுவே வெள்ளை லேசாக எட்டிப் பார்க்கும். அக்காவுக்கு அது பிடிக்காது. மாட்டாமல் விட்டாள். முன்பக்கம் வானம் மாதிரிச் சுத்தமாக இருந்தது. உள்ளே பதினொரு கண்ணி நீளத்துக்கு நூல்கள் தொங்கின.

('வானம் மாதிரி' என்பதை எடுத்துவிடலாம். அக்காவே சொன்னது என்பதால் இருக்கிறது.)

ஒரு சனிக்கிழமை மாலை அத்தான் கையில் மாட்டிவிட்டாள். ஞாயிறு முழுவதும் கழற்றவில்லை. மோதிர விரல் ஒரு நூலுக்குள் நுழைந்து சுற்றிக்கொண்டது. வலி தெரியாதவர். தெரிந்தாலும் சொல்ல முடியாதவர்.

திங்கள் காலை நர்ஸம்மா வேலைக்கு வந்து கழற்றிப் பார்த்தார். (நர்ஸ் படிப்பெல்லாம் படிக்கவில்லை. அத்தானைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, நடக்கவைப்பவர். நாங்கள் வைத்த பெயர்.) கழன்று வரவில்லை. கத்தரிக்கோலை உள்ளே விட்டு நூலை வெட்டினார். விரல் நுனி கருத்திருந்தது. பத்து நாள் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரியில் விரலையே எடுத்துவிட்டார்கள்.

3

"பொண்ணுகிட்ட என்னன்னு சொன்ன?"

"கதவுன்னேன்."

"எந்தக் கதவு?"

"பாத்ரூம் கதவு. நர்ஸம்மா வீல்சேரைத் தள்ளும்போது கை மாட்டி நசுங்கிடுச்சுன்னு."

"ஏன்க்கா?"

"வாயில வந்துடுச்சுடா. நான் பின்னினதாலதான்னு சொன்னா, அவரைப் பாத்துக்க உனக்குத் துப்பில்லைன்னு கொண்டுபோய் ஹோம்ல போட்டுடுவா. ஏற்கெனவே இடம் பாத்து வச்சிருக்கா. இப்ப உனக்குப் போன் பண்ணுவா. நீயும் கதவுன்னே சொல்லு."

"நர்ஸம்மா பாவம் இல்லையா?"

"அவளுக்கு வேற வீடு கிடைக்கும். இந்த வயசுல எனக்கு வேற புருஷனா கிடைப்பான்?"

சிரித்தாள். நானும் சிரித்தேன். (இந்தச் சிரிப்பை வெட்டினால் நான் கொஞ்சம் நல்லவனாகத் தெரிவேன். இருக்கட்டும்.)

அரை மணி நேரத்தில் அக்கா மகள் பேசினாள். அவள் இருப்பது வெளியூரில்.

"நர்ஸம்மா வேற ஏதோ நூலுங்கிறாங்க. கதவுதானா மாமா?"

"அம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்."

நான்கு சொற்கள். இத்தனை வருடம் எழுதியதில் இவ்வளவு கச்சிதமான வாக்கியம் எனக்கு வந்ததில்லை. அன்று மாலையே நர்ஸம்மாவை நிறுத்திவிட்டார்கள்.

4

முடிவு ஒன்று: நான் அக்கா மகளிடம் உண்மையைச் சொல்கிறேன். அத்தான் இல்லத்துக்குப் போகிறார். அக்கா காலையில் எழுந்து பழக்கதோஷத்தில் இரண்டு டம்ளர்

முடிவு இரண்டு: அக்காவே சொல்லிவிடுகிறாள். (எனக்கு அக்காவைத் தெரியும்.)

முடிவு மூன்று: நர்ஸம்மாவுக்கு உடனே வேறு வீடு கிடைக்கிறது. நானும் அக்காவும் இதை நம்பித்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

* அடிக்குறிப்பு: நர்ஸம்மாவை இந்தக் கதையில் இதுவரை பேசவிடவில்லை. மறதி அல்ல.

5

நேற்று அவரே வந்தார். எழுதிக்கொண்டிருந்த தாள்களைக் கவிழ்த்து வைத்தேன். உட்காரச் சொன்னேன். நின்றார்.

"சண்டை போட வரல சார். ரெண்டு வீட்டுல கேட்டுப் பாத்தேன். விரல் விஷயம் அவங்க காதுக்கும் போயிருக்கு. முன்னாடி இருந்த இடத்துலேர்ந்து லெட்டர் வேணுமாம். அம்மாகிட்ட போனேன். உள்ளேயே இருந்துக்கிட்டு இல்லைன்னுட்டாங்க."

"நான் எழுதித் தரேன்."

"உங்களுக்கு எழுத வரும்னு அம்மா சொல்வாங்க."

நல்ல தாளாக ஒன்றை எடுத்தேன். ஆறு வருட வேலை, பொறுமை, நேரம் தவறாமை. பேனா தடங்கல் இல்லாமல் ஓடியது. இந்தக் கதையில் ஒரு பத்திகூட அப்படி வரவில்லை. அவர் பின்னால் நின்றபடி வரிவரியாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"இதெல்லாம் சரி சார். அந்த விரல் எப்படிப் போச்சுன்னு கேப்பாங்களே, அதுக்கு என்ன எழுதப் போறீங்க?"