இந்த வருஷமும் பேரு இருக்கா

இறந்துபோன கணவனோடு அவருடைய கைப்பேசியையும் சேர்த்துப் புதைத்தது குமுதவல்லிதான். அவளை யாரும் குறை சொல்ல முடியாது. பெட்டியை மூடும் முன் கூட்டத்தில் யாரோ, "அவர் பொழங்கின சாமான் இருந்தா வச்சிடும்மா" என்றார்கள். மூக்குக்கண்ணாடியை வைத்தாள், வெற்றிலை டப்பாவை வைத்தாள். பிறகு என்ன தோன்றியதோ, கைப்பேசியையும் எடுத்து அவர் சட்டைப் பையில் செருகிவிட்டாள். கடைசி பத்து வருஷம் மனுஷன் அதைத்தானே கையில் வைத்துக்கொண்டு அலைந்தார்! எட்டு மாதம் கழித்து அந்தச் சட்டைப் பை அவளைக் கதறவைக்கும் என்று அவள் கனவா கண்டாள்?

இராஜமாணிக்கம் மெராந்தி ரப்பர் தோட்டத்தில் பால் மரம் சீவி, பிறகு ஆட்களை மேய்க்கும் மண்டோராக இருந்தவர். தோட்டம் கைமாறி, சனம் செனாவாங், சுங்கை காடுட், சி ரூசா என்று ஆளுக்கொரு ஊராகச் சிதறியபோது, ஒரு வலைப்பூவைத் தொடங்கினார். யார் வீட்டில் கல்யாணம், யார் தவறிவிட்டார், எந்த வருஷத் தீமிதியில் யார் கரகம் எடுத்தார், எல்லாம் அதில் இருக்கும். அவருடைய அறுபதாவது பிறந்த நாளுக்கு மகன் முகுந்தன் அந்த வலைப்பூவுக்குச் சொந்தமாக ஒரு பேர் வாங்கிக் கொடுத்தான். மெராந்தி தோட்டம் டாட் காம். அப்பா பேரிலேயே பதிந்தான். வருஷா வருஷம் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். கிழவர் அதைக் காகிதத்தில் எழுதி எழுதி, பார்ப்பவர்களிடமெல்லாம் நீட்டினார்.

அந்த முகுந்தன்தான் அடுத்த வருஷம் மண்வாரி இயந்திரத்தை ஓட்டிக்கொண்டு வந்து தோட்டத்து முனீஸ்வரர் கோயிலைத் தரைமட்டமாக்கினான். அவன் வேலை பார்த்த குத்தகைக் கம்பெனி அனுப்பியது, வந்தான். அன்று சாயங்காலமே இராஜமாணிக்கம் இடிந்த செங்கல் மேல் சூடம் ஏற்றி, கையால் அடித்து அணைத்து, "இனி அவன்கூட ஒரு வார்த்தை பேச மாட்டேன்" என்று சத்தியம் பண்ணினார். முகுந்தன் போனான். நம்பரை மாற்றினான், முகநூலை மூடினான். ஆறு வருஷமாக அவன் எந்த ஊரில் இருக்கிறான் என்றுகூடப் பெற்றவளுக்குத் தெரியாது. ஒரு நாள் வருவான் என்ற ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டு அவள் சுங்கை காடுட் தொழிற்சாலை கேண்டீனில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

அந்த டாட் காம் பேரின் டொமைன் தவணை முடியப்போகிறது என்று கிழவரின் மடிக்கணினிக்கு மின்னஞ்சல் வந்தது. குமுதவல்லியின் அண்ணன் மகன் தேவன்தான் வலைப்பூவுக்குப் படம் ஏற்றிக்கொடுப்பவன். அவன் புதுப்பிக்கப் பார்த்தான். ரகசிய எண் கைப்பேசிக்கு அனுப்பியிருக்கிறோம் என்றது. கைப்பேசி எங்கே? ஆறடிக்குக் கீழே. அந்த நம்பரும் செத்துவிட்டது, திருப்பித் தர முடியாது என்று கடையில் கையை விரித்தார்கள். பேரைப் பதிந்த கம்பெனிக்குத் தேவன் மரணச் சான்றிதழை அனுப்பினான். பரிசீலிக்க முப்பது வேலை நாள் ஆகும் என்று பதில் வந்தது. தவணைக்கு இருந்ததோ ஐந்து நாள்.

"விட்டுடலாம் அத்தே" என்றான் தேவன். "எழுத்து வேற எடம், பேரு வேற எடம். பேரு போனா போகட்டும்லா. நான் பழைய இலவச முகவரிக்கே மாத்திடறேன். மாமா எழுதுனதுல ஒரு எழுத்துகூட அழியாது."

"முகுந்தனுக்குத் தெரியுமாடா, மாத்துனது?"

"ஆறு வருஷமா எட்டிப் பாக்காதவன் இப்பவா பாக்கப் போறான்?"

சரி என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, பேர் காலாவதியான மறுநாள், தேவன் மோட்டாரில் வந்தான். முகவரியை இரண்டு நாள் முன்பே மாற்றியிருந்தான். இப்போது எல்லாவற்றையும் ஒரு கோப்பாக இறக்கி வைத்துக்கொண்டிருந்தான். குமுதவல்லி மைலோ கலக்கிக் கொண்டுவந்து வைத்தாள்.

"அத்தே, மாமா வெளியிடாம நிறுத்தி வச்ச பின்னூட்டம் கொஞ்சம் கெடக்கு. சூதாட்ட வெளம்பரமாத்தான் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே கீழே தள்ளிக்கொண்டு போனவன் நின்றுவிட்டான்.

"என்னடா?"

"முகுந்தன் அத்தே."

படிடா என்றாள். அவன் படித்தான்.

முதலாவது ஆறு வருஷத்துக்கு முந்தையது. 'அப்பா, அன்னைக்கு எந்த எடத்துக்குப் போறோம்னு காலையிலதான் சொன்னாங்க. வண்டிய விட்டு எறங்கியிருக்கணும். எறங்கல. மன்னிச்சிடுங்க.'

அடுத்தது: 'சத்தியம் பண்ணிட்டீங்க, பேச வேணாம். பேர மட்டும் வருஷா வருஷம் புதுப்பிச்சிடுங்க. அது இருந்தா நான் இன்னும் உங்க மகன்தான்னு எடுத்துக்குவேன்.'

பிறகு வருஷத்துக்கு ஒன்று, தவணை முடிந்த மறு வாரத்தில், ஒரே மாதிரி. 'இருக்கு. தேங்க்ஸ்பா.'

குமுதவல்லிக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. வருஷத்தில் ஒரு நாள் அந்த மனுஷன் குளித்து, திருநீறு பூசி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மடிக்கணினி முன்னால் உட்காருவார். "என்ன, பொண்ணு பாக்கப் போறீங்களா?" என்று அவள் கேலி பண்ணுவாள். "வேலையப் பாருடி" என்பார். பேச மாட்டேன் என்றுதானே சத்தியம் பண்ணினார்? அதைக் காப்பாற்றிக்கொண்டே மகனிடம் வருஷா வருஷம் பேசியிருக்கிறார், பாவி மனுஷன்! பெற்றவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! சொல்லியிருந்தால் அந்தக் கைப்பேசியைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துக் கும்பிட்டிருப்பாளே!

"இன்னும் ஒண்ணு இருக்கு அத்தே." தேவன் இன்னும் கீழே தள்ளினான். "நாலு மாசத்துக்கு முன்னாடி போட்டது."

'அப்பா, எனக்குப் பொண்ணு பொறந்திருக்கா. குமுதான்னு பேரு வச்சிருக்கேன். இந்தத் தடவையும் மெராந்தி இருந்துச்சுன்னா புள்ளயத் தூக்கிட்டு வீட்டுக்கு வந்துடறேன். இல்லன்னா, நீங்க முடிச்சுக்கிட்டீங்கன்னு அர்த்தம். இனிமே தொந்தரவு பண்ண மாட்டேன்.'

குமுதவல்லி மடிக்கணினிப் பக்கம் குனிந்தாள். "பழைய பேர அடிடா. தொறக்குதா பாரு."

அடித்தான். மெராந்தி தோட்டம் டாட் காம். வெள்ளைப் பக்கம் ஒன்று வந்தது. இந்தப் பெயர் காலாவதியாகிவிட்டது என்று ஆங்கிலத்தில் இரண்டு வரி. அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. தேவனின் முகம் தெரிந்தது.

"இவன் எழுதுனதுல லெட்டர் போடறதுக்கு ஏதாச்சும் முகவரி இருக்கா?"

"இல்ல அத்தே. பேரு மட்டும்தான் போட்டிருக்கான்."

பிறகு அவனே அவசரமாக, "அந்த இலவச முகவரி அவனுக்கு ஞாபகம் இருக்கும் அத்தே. அவன்தான அப்பவே எல்லாம் செட் பண்ணுனான்" என்றான்.

"இருந்தா? எதுக்குடா அங்க தேடுவான்? அப்பா முடிச்சுக்கிட்டாருன்னு பதில் கெடச்சிடுமேடா அவனுக்கு!" என்று கத்தினாள். தலையில் அடித்துக்கொண்டாள். "நானே என் கையால அந்தப் பையில வச்சேனே. நானே வச்சேனே, பாழாப்போனவ!"

தேவன் அவள் கையைப் பிடித்து நிறுத்தினான். வெகு நேரம் அழுதாள். அழுகை ஓய்ந்ததும் புடைவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எழுதுடா" என்றாள். கடைசிப் பின்னூட்டத்துக்குக் கீழே அவள் சொல்லச் சொல்ல அவன் தட்டினான்.

'முகுந்தா, அம்மா. அப்பா மாசி மாசம் தவறிட்டாரு. அவர் முடிச்சுக்கல. போனை அவர்கூட வச்சது நான். பேரு போனது என்னாலதான்யா. புள்ளயத் தூக்கிட்டு வா.'

தேவன் எட்டுப் பின்னூட்டங்களையும் வெளியிட்டு, அவளுடையதையும் போட்டான். எல்லாம் பத்திரமாக இருந்தன. ஒரு எழுத்தும் அழியவில்லை.

மறு ஞாயிறு அவன் வந்தபோது, மோட்டாரை நிறுத்தும் முன்பே குமுதவல்லி வாசலுக்கு வந்துவிட்டாள்.

"யாராச்சும் பாத்தாங்களாடா?"

அவன் கைப்பேசியைத் திறந்து எண்ணைப் பார்த்தான். "ஏழு தடவை தொறந்திருக்காங்க அத்தே."

அவள் முகம் மலர்ந்ததை அவனால் பார்க்க முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டான்.

"தெனம் ராவுல நான்தான் அத்தே தொறந்து பாத்தேன்."