வரதராஜாவின் மூன்றாம் நம்பர் போத்தல்

அவுஸ்திரேலியாவின் கிளென் வேவர்லியில் என் தங்கை வீட்டுக் கராஜுக்குப் பின்னால் ஒரு மக்பை இருந்தது. கறுப்பும் வெள்ளையுமாக, காகத்துக்குக் கலியாணச் சட்டை போட்டுவிட்டது போன்ற பறவை. நானும் என் மச்சான் வரதராஜாவும் இருபத்தாறு வருடம் அந்த இடத்தில் சிகரெட் குடித்ததில் அதற்கும் பழகிவிட்டது. நாங்கள் எறிகிற சிகரெட் கட்டைகளைப் பொறுக்கிக் கூரைக்குக் கொண்டுபோய், சொண்டில் வைத்தபடி மழை வருமா என்று பார்த்துக்கொண்டிருக்கும். நாங்கள் சிகரெட்டை விட்ட கிழமை அது தபால்காரனின் ஹெல்மெட்டைக் கொத்தி உடைத்தது. பிறகு ரயிலேறி ரிச்மண்ட் பக்கம் போய்விட்டது. அங்கே குடிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இதைச் சொல்லும்போது நான் சிரிப்பதில்லை. அதனால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். எழுபத்துமூன்று வயதுவரை இப்படியே காலத்தை ஓட்டியாயிற்று. அதனால் எனக்கு வந்த நட்டம் என்னவென்று இப்போதுதான் தெரிந்தது.

வரதராஜா என் தங்கை இரஞ்சிதத்தின் கணவன். டண்டினோங்கில் கார்ப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறவனாக இருபத்தெட்டு வருடம் வேலை செய்தவன். ஒரு ஆணியில் மயிரளவு பிசகிருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவான். அப்படிப்பட்டவனின் வலது காலில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. த பேசின் என்ற ஊரின் பிள்ளையார் கோயிலில் காரை விட்டிறங்கி வாசலுக்குப் போவதற்குள் மூன்று தரம் நிற்பான். நிற்பதை மறைக்கப் போனை எடுத்துப் பார்ப்பான். அந்தப் போனுக்கு என்னைத் தவிர வேறு யாரும் எடுப்பதில்லை. நானோ அவனுக்குப் பக்கத்தில்தான் நிற்பேன்.

சத்திரசிகிச்சை செய்கிற டொக்டர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். உடம்பில் நிக்கொட்டின் ஒரு சொட்டும் இல்லாமல் வந்தால்தான் காலைத் திறப்பேன் என்றார்.

மருந்துக்கடைப் பெண் வழி சொன்னாள். சிகரெட்டை விட்டுவிட்டு வேப் என்கிற மின்சிகரெட்டுக்கு மாறுங்கள், அதில் ஊற்றும் திரவத்தின் நிக்கொட்டின் பலத்தைப் படிப்படியாகக் குறையுங்கள் என்றாள். இருபதாம் நம்பரில் தொடக்கம். பிறகு பன்னிரண்டு, ஆறு, மூன்று, கடைசியில் சைபர். ஒவ்வொரு படியிலும் இரண்டு மாதம்.

"தனிய இறங்கேலாது மச்சான்," என்றான் வரதன். "நீயும் வா."

எனக்குக் காலில் ஒரு குறையும் இல்லை. இருந்தாலும் பிள்ளையாருக்கு முன்னால் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் செய்தோம். ஒரே நாளில் இருவரும் இறங்குவது. ஒருவன் நின்றால் மற்றவன் விட்டுவிட்டுப் போவதில்லை. சைபருக்கு வந்ததும் ஆளுக்கொரு தேங்காய் உடைப்பது.

இருபதிலிருந்து பன்னிரண்டுக்கு நேர்மையாக இறங்கினேன். ஆறில் இரண்டு நாள் இருந்தேன். மூன்றாம் நாள் காலை பல் தீட்டும்போது தூரிகையைக் கடித்து முறித்துவிட்டேன். அன்று பத்து மணிக்கே ஸ்பிரிங்வேலுக்குக் காரை விட்டு, என்னைத் தெரியாத ஒரு கடையில் பன்னிரண்டாம் நம்பர் வாங்கி, ஆறாம் நம்பர் போத்தலில் ஊற்றிக்கொண்டேன். இரண்டும் ஒரே புதினா மணம். பிள்ளையாருக்குத் தும்பிக்கை பெரிது என்றாலும் மோந்து பார்க்க வரவில்லை.

மூன்றாம் நம்பருக்கு இறங்கிய நாளிலும் அப்படியே. போத்தலில் மூன்று, உள்ளே பன்னிரண்டு.

வரதன் உண்மையாகவே இறங்கினான். தன் போத்தலில் ஒவ்வொரு நாளும் எவ்வளவு முடிகிறது என்று பேனையால் பக்கவாட்டில் ஒரு கோடு போடுவான். ஊசி நுனியால் இழுத்ததுபோல நேரான கோடு. சட்டைப்பையில் ஏலக்காய் வைத்து மென்றுகொண்டே இருப்பான். ஆறாம் நம்பரில் இருக்கும்போது தொலைக்காட்சியில் காப்புறுதி விளம்பரத்தைப் பார்த்து அழுதான். மூன்றில், பருப்பில் உப்பில்லை என்று இரஞ்சிதத்தோடு சண்டை போட்டுவிட்டுக் கராஜுக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு நின்றான்.

ஒரு நாள் கராஜுக்குப் பின்னால், எங்கள் இரண்டு பிளாஸ்டிக் கதிரைகளில் இருந்தபோது கேட்டான்.

"உனக்கு ஒண்டும் செய்யேல்லையே?"

"என்ன செய்யிறது?"

"கை நடுங்கேல்லையே? இரவில நித்திரை வருதே?"

"எனக்கு நுரையீரல் மூண்டு மச்சான்," என்றேன். "ஊரில எக்ஸ்ரே எடுத்தவன் படத்தைப் பாத்திட்டு வேலையை விட்டிட்டு ஓடினவன். ரெண்டு நுரையீரல் கேட்டுக் கத்தினாலும் மூண்டாவது சும்மா இருங்கோடா எண்டு அடக்கிப்போடும்."

அவன் சிரித்தான். சிரித்து முடித்துக் கேட்டான்.

"உண்மையாவோ?"

"பின்னே?"

ஏலக்காயை வாயில் போட்டுக்கொண்டு தன் கைகளைப் பார்த்தான். அவை முழங்காலின் மேல் நடுங்கிக்கொண்டிருந்தன.

"நீ இரும்பு," என்றான். "நான் தகரம்."

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய் திறந்ததும் மக்பைக் கதைதான் வந்தது.

சைபருக்கு மூன்று கிழமை இருக்கும்போது, ஒரு வியாழன் காலை, குப்பைத் தொட்டியை வீதிக்கு இழுத்துப்போன வரதன் அதைப் பிடித்தபடியே சாய்ந்துவிட்டான். இதயம். காலுக்கும் இதற்கும் நேரடியாகத் தொடர்பில்லை, யாரும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டொக்டர் சொன்னார். டொக்டர்மார் சொல்கிற கதையை நான் நம்புவதில்லை. அவர்களும் சிரிக்காமல்தான் சொல்கிறார்கள்.

செத்தவருக்கு எட்டாம் நாள் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைக்கும் எட்டுச் செலவு, அவுஸ்திரேலியாவில் எப்போதும் சனிக்கிழமையில்தான் வரும். மற்ற நாட்களில் ஆட்களுக்கு லீவு கிடையாது. நான் பதினொரு மணிக்குப் போனேன். சாமியறையில் வரதனின் படம். முன்னால் வாழையிலை. புட்டு, நண்டுக் கறி, ஆட்டிறைச்சி, கத்தரிக்காய்ப் பொரியல், ஒரு சின்னக் கிளாசில் விஸ்கி. அதற்குப் பக்கத்தில் பிரிக்காத ஒரு புதுப் போத்தல். குனிந்து பார்த்தேன்.

இருபதாம் நம்பர்.

குசினிக்குள் போனேன். இரஞ்சிதம் வடை சுட்டுக்கொண்டிருந்தாள். நெற்றியில் பொட்டு இல்லை. பத்து நாளில் பத்து வயது கூடியிருந்தது.

"பிள்ளை, அந்த வேப் ஜூஸ் ஆர் வாங்கினது?"

"நான்தான் அண்ணை. சிகரெட் வைப்பம் எண்டு சுபாங்கன் சொன்னவன். நான் மறிச்சுப்போட்டன். அவர் விட்ட மனுசன். விட்டதை ஏன் வைப்பான்?"

சுபாங்கன் வரதனின் தம்பி மகன். பொயிண்ட் குக்கிலிருந்து ஒன்றரை மணித்தியாலம் கார் ஓடி வந்தவன்.

"மருந்துக்கடையில உனக்குக் குடுத்தவையோ?"

"எத்தினை வருசமாக் குடிக்கிறீங்கள் எண்டு அந்தப் பெட்டை கேட்டாள். நாப்பது எண்டன். விட முயற்சி செய்தனீங்களோ எண்டாள். இனித்தான் எண்டன்." வடையைத் திருப்பிப் போட்டாள். "ஆகத் திறமானது எதெண்டு கேட்டன். இதுக்கு மேல இல்லை எண்டு தந்தாள்."

"அது திறமானது இல்லை பிள்ளை. அவன் மூண்டில எல்லோ நிண்டவன்."

"மூண்டு வீட்டில பாவிக்கிறது அண்ணை. செத்த மனுசனுக்குக் குறைஞ்சதை வைக்கலாமோ? சனம் என்ன சொல்லும்?"

ஏழு மாதமாக ஒவ்வொரு படியாக இறங்கியவனைத் தூக்கி மறுபடி மேல்படியில் இருத்திவிட்டாள். ஒரு குறையும் வைக்கக் கூடாதென்று தேடித் தேடி வாங்கியிருக்கிறாள். அது பிழை என்று சொல்ல எனக்கென்ன தகுதி?

படைத்து, தேவாரம் பாடி முடிந்ததும் எல்லாரும் கூடத்தில் இருந்தார்கள். ஒரு பதினைந்து பேர். வரதனைப் பற்றி ஆளுக்கொன்று சொன்னார்கள். அவன் பொறுமை, அவன் நேர்த்தி. பிறகு இரஞ்சிதம் சொன்னாள்: "கடைசி மாதம் அவருக்குச் சரியான வேதனை. ஆனா அண்ணையைப் பாத்துத்தான் தாக்குப் பிடிச்சவர். மச்சான் ஒரு முனகல் இல்லாமல் இறங்கிறான், நான் விட்டால் வெக்கம் எண்டு சொல்லுவார்."

எல்லாரும் என்னை மரியாதையாகப் பார்த்தார்கள். அது ஒரு புது அனுபவம். தாங்க முடியவில்லை.

"நான் இறங்கேல்லை," என்றேன். "அவன் ஆறில நிக்கேக்கயும் நான் பன்னிரண்டு. மூண்டில நிக்கேக்கயும் பன்னிரண்டு. ஸ்பிரிங்வேலில களவா வாங்கி அவன்ர கண்ணுக்கு முன்னால குடிச்சனான். பிள்ளையாருக்கு முன்னால சத்தியம் செய்துபோட்டு அவனை ஏமாத்தினனான்."

என் முகத்தில் வழக்கம்போல ஒன்றும் இல்லை. அதுதான் பிழையாகிவிட்டது.

சுபாங்கன்தான் முதலில் வெடித்தான். "அங்கிள், செத்த வீட்டிலயும் விடமாட்டீங்கள்!"

"ஸ்பிரிங்வேலுக்கு அந்த மக்பையும் வந்ததோ?" என்றது இன்னொரு குரல்.

சிரிப்பு கூடத்தைச் சுற்றி வந்தது. நான் வாயைத் திறந்தேன். அப்போது இரஞ்சிதத்தைப் பார்த்தேன். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, பத்து நாளில் முதல் தடவையாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணை, அவர் இருந்தா இப்ப எப்பிடிச் சிரிச்சிருப்பார்," என்றாள். கண்ணால் நீர் ஓடியது.

அதை அவளிடமிருந்து எப்படிப் பறிப்பது? மக்பை ரயிலேறிய கதையை முழுவதும் சொன்னேன். டிக்கட் பரிசோதகர் வந்த இடத்தைப் புதிதாகச் சேர்த்தேன்.

சாப்பிட்டு ஆட்கள் எழும்பும்போது இரஞ்சிதம் இருபதாம் நம்பர் போத்தலைக் கொண்டுவந்து என் சட்டைப்பைக்குள் வைத்தாள்.

"படைச்சதை வீணாக்கக் கூடாது. இந்த வீட்டில வேற ஆர் பாவிக்கிறது? அவர் தந்ததா நினைச்சுக் குடியுங்கோ."

அவளுடைய மகன் துஷாந்த் ஒரு பிஸ்கட் டின்னை நீட்டினான். "மாமா, அப்பாட வேப். பற்றரி இருக்கிறதால குப்பை பின்ல போடேலாதாம். வில் யூ டேக் இட்?"

கராஜுக்குப் பின்னால் போய் என் கதிரையில் இருந்தேன். தூறல். மற்றக் கதிரையின் குழியில் தண்ணீர் தேங்கியிருந்தது. டின்னைத் திறந்தேன். வேப், நாலு ஏலக்காய், பாதி முடிந்த மூன்றாம் நம்பர் போத்தல். பக்கவாட்டில் மேலிருந்து கீழாக வரதனின் கோடுகள், ஒவ்வொன்றும் மற்றதற்கு ஒரே இடைவெளியில். கடைசிக் கோடு புதன்கிழமையினுடையது. அவனுடைய பேனையும் டின்னுக்குள் கிடந்தது.

என் சட்டைப்பையில் இருபது கனத்தது. அவன் தந்ததாக நினைக்கச் சொல்லியிருந்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், நினைத்தும் பார்த்தேன். என் வாழ்நாளில் இவ்வளவு வசதியான ஒரு பொய்யை இன்னொருவர் எனக்குச் செய்து தந்ததில்லை. கை தானாகவே பைக்குப் போய் மூடியைத் தடவியது.

பிறகு மூன்றைத் திறந்து, வரதனின் வேப்பில் ஊற்றி, இழுத்தேன்.

ஒன்றும் வரவில்லை. புகை வந்தது, புதினா வந்தது. நான் எதிர்பார்த்தது வரவில்லை. மறுபடியும் ஆழமாக இழுத்தேன். வெறும் பாத்திரத்தை வழித்து நக்குவது போலிருந்தது. இதை வைத்துக்கொண்டுதான் அவன் ஐந்து கிழமை என் எதிரில் இருந்தான். நான் பன்னிரண்டை இழுத்து முகத்துக்கு நேரே விட்டபடி மூன்றாவது நுரையீரலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

துஷாந்த் குடையோடு வந்தான். "நனையிறீங்கள் மாமா. ஆர் யூ ஓகே?"

"தம்பி, எனக்கு நுரையீரல் ரெண்டுதான்."

அவன் சிரித்தான். "ஐ நோ, மாமா. பட் யூ நோ வட்? அப்பா போன மாதம் ஜீபி டொக்டரிட்ட கேட்டவர். நான்தான் கூட்டிக்கொண்டு போனனான். சில ஆக்களுக்கு மூண்டு லங்ஸ் இருக்குமோ எண்டு சீரியஸா கேட்டவர். டொக்டர் விழுந்து விழுந்து சிரிச்சவர். அப்பா சிரிக்கேல்லை."

"பிறகு?"

"ஒண்டுமில்லை. கார்ல வரேக்க, அப்ப அவன் உண்மையிலயே பலசாலிதான் எண்டார்."

குடையை என் கையில் தந்துவிட்டு, ஆட்களை வழியனுப்ப அவன் உள்ளே போனான்.

திங்கட்கிழமை இந்த இருபதை மருந்துக்கடைப் பெண்ணிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஸ்பிரிங்வேல், பிள்ளையார், பன்னிரண்டு எல்லாவற்றையும் அவளிடம் சொல்ல வேண்டும். அவளுக்கு என் கதைகள் எதுவும் தெரியாது. நம்புவாள்.

வரதனின் போத்தலை முழங்காலில் வைத்து, பேனையை எடுத்து, அவனுடைய புதன்கிழமைக்குக் கீழே என் சனிக்கிழமையைப் போட்டேன். கோடு ஒரு பக்கம் சரிந்து போயிற்று. வரதன் பார்த்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பான்.