கடைசல் போட்ட கார்

கடையில் வாங்கிய பொருளை அப்படியே பயன்படுத்துவது எங்கள் ஊரில் கையாலாகாதவன் செய்கிற காரியம். மிக்ஸி வாங்கினால் ஒரு தடவையாவது கழற்றிப் பார்க்க வேண்டும். மோட்டார் வாங்கினால் பேரிங்கையாவது மாற்ற வேண்டும். கோயம்புத்தூரில் தெருவுக்கொரு லேத்துப் பட்டறை இருக்கிறபோது கம்பெனிக்காரன் சொன்னதை நாம் ஏன் கேட்க வேண்டும்? இந்தத் திமிரில் ஊறி வளர்ந்தவன் நான். பெயர் அழகிரிசாமி. ஆவாரம்பாளையத்தில் ஒரு பம்பு கம்பெனியில் இருபத்தாறு வருஷமாக டெஸ்டிங் சூப்பர்வைசர். பம்புக்குள் தண்ணீரைத் தள்ளுகிற சக்கரம் ஒன்று உண்டு. மோட்டார் திணறினால் அந்தச் சக்கரத்தை லேத்தில் கொடுத்து ஓரத்தைக் கொஞ்சம் சீவச் சொல்வேன். திணறல் நின்றுவிடும். இருபத்தாறு வருஷம் ஒரே வைத்தியம் பலித்தால் மனுஷனுக்குத் தலைக்கனம் வராமல் என்ன செய்யும்?

எங்களிடம் இருப்பது ஒரு பழைய எண்ணூறு சிசி கார். தை மாதம் குடும்பத்தோடு கோத்தகிரி போனோம். என் மனைவி வெங்கடலட்சுமியின் தம்பி சீனிவாசலு, புதிதாக வாங்கிய பெரிய டீசல் வண்டியில் முன்னால் போனான். நான் ஏசியை அணைத்துவிட்டு, ஜன்னலைத் திறந்துவிட்டு, முதல் கியரில் முக்கிக்கொண்டு பின்னால் போனேன். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அவன் குடும்பத்தோடு இறங்கி நின்று என்னைக் கைதட்டி வரவேற்றான். நாலாவது வளைவில், "ஏனுங்க பாவா, ஒரு ஜோடி காளை வேணா வாங்கித் தரட்டுங்களா?" என்றான். எங்கள் வீட்டில் அக்கா புருஷனை பாவா என்றுதான் கூப்பிடுவது. மரியாதையாகக் கூப்பிட்டுத்தான் மானத்தை வாங்கினான். எல்லோரும் சிரித்தார்கள். வெங்கடலட்சுமி மட்டும், "நல்லாத்தான ஓடுது வண்டி" என்றாள். அந்த ஒரு வார்த்தையோடு நான் அடங்கியிருக்கலாம். அடங்குகிற ஆளா நான்?

புது வண்டி வாங்க வக்கில்லை. இருக்கிற இஞ்சினையே முறுக்கேற்றுவது என்று முடிவு செய்தேன். மே மாதக் கடைசியில் வெங்கடலட்சுமி பவானியில் அவள் அம்மா வீட்டுக்குப் பத்து நாள் போனதும், இஞ்சினை இறக்கி உக்கடத்தில் கலீல் ரஹ்மானின் லேத்துப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். இஞ்சினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டை அரை மில்லிமீட்டர் இழைத்தோம். கலீல் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்து ஃப்ளைவீலைக் காட்டினேன். இஞ்சினுக்குப் பின்னால் கூடவே சுற்றுகிற கனமான இரும்புத் தட்டு அது.

"இதுல ரெண்டு கிலோ சீவிருங்க."

கலீல் கண்ணாடியைக் கழற்றினார். "ரேஸ் வண்டிக்குத்தானுங்க அப்படிச் செய்வாங்க. அவுங்க ஒருக்கா கெளம்புனா நிக்கமாட்டாங்க. நம்ம வண்டி சிக்னலுக்குச் சிக்னல் நிக்குமுங்களே."

"சுத்தற சாமானச் சீவியே சோறு திங்கறவனுங்க நானு. எனக்கே சொல்றீங்களா?"

"சரிங், உங்க இஷ்டம்" என்று லேத்தை ஓட்டினார். கனம் குறைந்தால் இஞ்சின் சட்டென்று வேகம் பிடிக்கும், அது வாஸ்தவம். ஆனால் வண்டி நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது இஞ்சின் அணைந்துபோகாமல் தாங்கிப் பிடிப்பது அந்தக் கனம்தான். பம்பு காலையில் ஒரு தடவை கிளம்பினால் சாயங்காலம் வரை ஓடும். அது எந்தச் சிக்னலில் நின்றது, எனக்கு உறைக்க?

இஞ்சினை மாட்டி நீலாம்பூர் பைபாஸில் ஓட்டிப் பார்த்தேன். அடேயப்பா! மிதித்தால் பறந்தது. முட்டைக்கோஸ் லாரியை முந்தினேன், டவுன் பஸ்ஸை முந்தினேன். ஐம்பத்து நாலு வயசு ஆள், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தனியாக "ஊ" என்று கத்தினேன். சீனிவாசலுவை எந்த வளைவில் முந்துவது என்றுகூட முடிவு செய்துவிட்டேன்.

அந்த வண்டியை அதிகம் ஓட்டுகிறது நானல்ல, வெங்கடலட்சுமி. இதையும் நான் யோசிக்கவில்லை.

அவள் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். ஐம்பது வயசுக்குமேல் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவள். கரும்புக்கடைப் பகுதியில் பெண்களுக்கு மட்டும் சொல்லித்தருகிற உம்மல் குல்சுமிடம் அஞ்சு மாசம் படித்தாள். முதல் தடவை லைசென்ஸ் டெஸ்டில் தோற்று, வீட்டுக்கு வந்து அழுது, மறுபடி போய் வாங்கி வந்தாள். அதற்கப்புறம் ஒரு நாள்கூட வண்டியை நடுரோட்டில் அணையவிட்டதில்லை. அந்த மே மாதம்தான் சோமனூர்ப் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளிக்குத் தலைமையாசிரியையாகப் பதவி உயர்வும் வந்தது. இருபத்தெட்டு வருஷம் காத்திருந்து வந்த ஆர்டர். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாற வேண்டும். "பஸ் எதுக்குங்க? நான் கார்லயே போயிக்குவேன்" என்று சொன்னபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று காலையில் கிளம்பிப் போனாள். மேம்பால வேலை நடந்து ரோடு பாதியாகச் சுருங்கிக் கிடந்த ஹோப் காலேஜ் சிக்னலில் வண்டி மூன்று தடவை அணைந்துபோனது. பின்னால் பஸ்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. பைக்கில் போன ஒருத்தன், "ஏனுங் அம்மணி, வண்டிய ஊட்டுலயே உட்டுப்போட்டு வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனானாம். சாயங்காலம் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, "இத்தன நாள் ஓட்டியும் எனக்குக் கை வர்லீங்க" என்றாள்.

அந்த நிமிஷமே எனக்குப் புரிந்துவிட்டது. பைபாஸில் ஏறுமுன் எனக்கே இரண்டு தடவை அணைந்திருக்கிறது. நான் சர்ரென்று மிதித்து எடுத்துவிட்டுப் போய்விட்டேன். அவளிடம் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். வந்தது இது:

"கிளட்ச மெதுவா உடோணும், கண்ணு."

என் வாயில் மண் விழ! ஒரு தடவை சொன்ன பொய்யை எப்படி மாற்றுவது? பழைய ஃப்ளைவீல் ஒன்று தேடிப் பிடிக்கலாம், மாட்ட இரண்டு நாள் ஆகும், ஏன் வண்டி பிரிந்து கிடக்கிறது என்று கேட்பாளே. அடுத்த ஞாயிறு, அதற்கடுத்த ஞாயிறு என்று தள்ளினேன். அதோடு விட்டேனா? ஞாயிற்றுக்கிழமை அவளைக் கொடிசியா கண்காட்சி வளாகத்துக்குப் பக்கத்து மைதானத்துக்குக் கூட்டிப்போய்ப் பாடம் நடத்தினேன். "பதட்டப்படற. கால்ல நிதானமில்ல." வண்டியைக் கெடுத்தவனே வாத்தியார். அவள் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தலையாட்டிக்கொண்டு, சொன்னதையெல்லாம் செய்தாள். ஒவ்வொரு தடவையும் வண்டி அணைந்தது. உம்மல் குல்சுமுக்குப் போன் போட்டு, "நீங்க நல்லாத்தான் சொல்லித் தந்தீங்க, எனக்குத்தான் ஏறல" என்று மன்னிப்புக் கேட்டாள்.

இரண்டாவது வாரம் பஸ்ஸில் போனாள். நாலு நாளில் மூன்று நாள் காலைப் பிரார்த்தனை முடிந்துதான் போய்ச் சேர்ந்தாள். தலைமையாசிரியை, பிள்ளைகளோடு சேர்ந்து கேட்டுக்கு வெளியே நின்றாள். அந்த ஞாயிறு மதியம் கடிதம் எழுதினாள். பதவி உயர்வு வேண்டாம் என்று. "இப்ப வேண்டாம்னா மறுபடி எப்ப லிஸ்ட்ல பேரு வரும்?" என்று கேட்டேன். "வராதுங்க" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை, கோழை.

திங்கட்கிழமை கடிதத்தைக் கல்வி அலுவலகத்தில் கொடுக்க, "நீங்களே ஓட்டுங்க" என்று இடது பக்கம் ஏறி உட்கார்ந்தாள். உறையை என்னிடம் நீட்டி, "உங்க சட்டப் பையில வைங்க, எனக்குக் கை வேர்க்குது" என்றாள்.

லட்சுமி மில் சிக்னல். பச்சை விழுந்தது. வழக்கம்போல் உறுமவிட்டு எடுத்தால் வண்டி கிளம்பிவிடும். ஆனால் எதற்கு இப்படி உறுமுகிறது என்று கேட்டுவிடுவாள். அதனால் அவளுக்குச் சொல்லித்தந்த மாதிரியே, மெதுவாக, நிதானமாக கிளட்சை விட்டேன். அணைந்தது. மறுபடி எடுத்தேன். அணைந்தது. பின்னால் ஹாரன் காதைப் பிளந்தது. என் முதுகெல்லாம் வேர்வை.

வெங்கடலட்சுமி என் தோளில் கை வைத்தாள். "பதட்டப்படாதீங்க. மெதுவா கிளட்ச உடுங்க. பரவால்லீங்க, எனக்கும் இப்படித்தான் ஆகும்."

குத்தலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே எனக்குத் தைரியம் சொன்னாள். அதுதான் என்னைக் கொன்றது.

"உன் மேல தப்பில்ல கண்ணு" என்றேன். "நான்தான் ஃப்ளைவீலச் சீவிப்போட்டேன். வண்டி பறக்கோணும்னு. அதனாலதான் அணையுது. யாரு எடுத்தாலும் அணையும்."

"எப்ப?"

"நீ பவானில இருந்தப்ப."

"நான் மொத நாள் வந்து சாவிய வெச்சன்ல, அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"அந்த மைதானத்துல?"

"அப்பவும் தெரியும்."

அவள் சீட் பெல்ட்டைக் கழற்றினாள். "எறங்குங்க."

"நடுரோடு வெங்கடலட்சுமி..."

"எறங்குங்கன்னேன்."

இறங்கினேன். அவள் அப்படியே நகர்ந்து என் இடத்தில் உட்கார்ந்தாள். "இத எப்படி எடுக்கோணும்? இப்பவாச்சும் உண்மையச் சொல்லுங்க."

"ஆக்சிலேட்டர எப்பவும் மிதிக்கறத விட ரெண்டு மடங்கு மிதி. கிளட்ச பாதில நிறுத்தி, வண்டி நகர்ந்தப்பொறகு முழுசா உடு."

ஒரு தடவை அணைந்தது. அடுத்த தடவை உறுமிக்கொண்டு கிளம்பியது. நான் ஏறிக்கொள்ளலாம் என்று இடது பக்கமாகச் சுற்றி ஓடினேன். கதவைத் தொடுவதற்குள் போய்விட்டாள். வந்த வழியே திரும்பி, பள்ளிக்குப் போகிற சோமனூர் ரோட்டைப் பிடித்து, மேம்பாலத் தூணுக்குத் தூண் மறைந்து மறைந்து, ஒரு இடத்தில்கூட நிற்காமல் போனாள்.

சட்டைப் பையில் உறை இருந்தது. பிரித்தேன். பதவி உயர்வைத் துறப்பதற்கான காரணம் என்று ஒரு வரி எழுதி, அடிக்கோடிட்டு, அதற்குக் கீழே எழுதியிருந்தாள்: 'வாகனம் ஓட்டும் திறமை எனக்கு இல்லை என்பதைத் தெரிந்துகொண்டேன்.' கணக்கில் ஒரு புள்ளி தப்பாக வைத்தாலும் சிவப்பு மையால் சுழிக்கிறவள், தப்பென்று தெரிந்தால் ஒரு வரிகூட எழுதமாட்டாள். இதை நிஜம் என்று நம்பி எழுதி, கீழே கையெழுத்தும் போட்டிருந்தாள்.

"ஏனுங்க பெரியவரே, நடுவுல நின்னு படிக்கறீங்க? ஓரமாப் போய்ப் படிங்க!" என்று ஒரு பஸ் கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு கத்தினார்.

படித்துவிட்டேன் என்று சொல்ல நினைத்தேன். கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஓரமாக நடந்தேன்.