நீர்நாயும் நீர்க்காகமும்

எண்ணூர் கழிமுகத்தில் கழி நட்டு வலை கட்டும் தாமோதரனுக்குத் தன் கண்ணின் மேல் கர்வம் உண்டு. சேற்றைப் பார்த்தே யார் வந்து போனது என்று சொல்லிவிடுவான். அந்தக் கர்வம்தான் அவனைக் கெடுத்தது.

ஐம்பத்திரண்டாம் வருஷம் தை மாதத்தில் வலையில் மடவை மீன் குறைந்துகொண்டே வந்தது. வலைக்கண்ணியில் செதில் ஒட்டியிருக்கும், மீன் இருக்காது. நீர்நாய் வேலை என்றார்கள் மற்றவர்கள். அவன் ஒப்பவில்லை. நீர்நாய் புகுந்தால் வலை கிழியும், கரையில் கடித்துப் போட்ட தலைகள் கிடக்கும். இங்கே இரண்டும் இல்லை. சேற்றில் பதிந்திருந்ததெல்லாம் விடியலில் மட்டிச் சிப்பி பொறுக்க வரும் புஷ்பவல்லியின் காலடிகள். புருஷன் கடலோடு போய்ச் சேர்ந்தபின் அவளுக்கு அதுதான் பிழைப்பு.

குப்பமே கூடியிருந்த பஞ்சாயத்தில் அவளைக் கைகாட்டினான்.

"நாயி துன்னா தலைய போட்டுட்டுப் பூடும். தலையோட எட்த்துகினு போறது மனுசங்கதான்."

அவள் அழவில்லை. மடியை உதறிக் காட்டினாள், கடல்மேல் ஆணையிட்டாள். எடுபடவில்லை. இனிக் கழிமுகத்தில் கால் வைக்கக் கூடாது என்று தலைவர் எத்திராஜ் தீர்ப்புச் சொல்லிவிட்டார். அவள் உப்பளத்துக்குக் கூடை தூக்கப் போனாள்.

மீன் மட்டும் காணாமல் போவது நிற்கவில்லை. வேறு வழியாக வருகிறாளோ என்று ஒரு காலை தாமோதரன் தாழம்புதருக்குப் பின்னால் ஒளிந்து உட்கார்ந்தான். அவன் நட்ட கழிகளின் மேல் வழக்கம்போல நீர்க்காகங்கள் இறக்கை விரித்து வெயில் காய்ந்தன. பொடி மீன் தின்கிற பறவை என்று அவற்றை அவன் விரட்டியதே இல்லை. அதில் ஒன்று சத்தமில்லாமல் தண்ணீருக்குள் வழுக்கிப் போனது. வெகுநேரம் கழித்து வலையோரம் எழுந்தபோது அதன் அலகில் கொழுத்த மடவை ஒன்று துடித்தது. மேலே எறிந்து, தலைமுன்னாக முழுசாக விழுங்கியது. கழுத்து புடைத்து அடங்கியது. கிழிசல் இல்லை, மிச்சம் இல்லை, சேற்றில் தடம் இல்லை.

தாமோதரனுக்குக் காது மடல் எரிந்தது. நாயின் குணம் தெரிந்த அளவுக்குத் தலைக்கு மேல் உட்கார்ந்திருந்த பறவையின் குணம் தெரியவில்லை. தெரியாததை ஒரு பெண்பிள்ளை தலையில் கட்டிவிட்டான். யாரும் பார்க்கவில்லையே, பேசாமல் இருந்துவிடலாமே என்றும் ஒரு நினைப்பு வந்தது. அது வந்ததற்காக இன்னும் குறுகிப்போனான்.

உப்பளத்துக்குப் போனான். அவள் வெடித்த பாதங்களில் கந்தல் சுற்றியிருந்தாள். தலைக்கூடையை இறக்காமலே அவன் சொன்னதையெல்லாம் கேட்டாள்.

"எனக்குத் தெரிஞ்ச சேதிய என்கிட்டயே சொல்ல வந்தியா? அன்னிக்குக் கேட்டுகினு இருந்தாங்களே, அவங்ககிட்ட போய் சொல்லு."

சொன்னான். அன்றும் குப்பமே கூடியிருந்தது. அடுத்த பஞ்சாயத்துக்குக் காக்காயைக் கூப்பிடலாமா என்று யாரோ கேட்க, கூட்டம் சிரித்தது.

"பறவை மேல தப்பில்ல, எம்மேலதான்" என்றான். சிரிப்பு நின்றது. எத்திராஜ் தரையைப் பார்த்தபடி தடையை நீக்கினார்.

புஷ்பவல்லி மறுபடி மட்டி பொறுக்க வந்தாள். அவனைக் கண்டால் முதுகைத் திருப்பிக்கொண்டு குனிந்துவிடுவாள். சில நாளில் தாமோதரன் கழிகளைப் பிடுங்கி, அவள் வராத எதிர்க்கரையில் நட்டான். அங்கே மீன் குறைவு. மனைவி காரணம் கேட்டதற்கு, இந்தப் பக்கம் மண் மேடிட்டுவிட்டது என்றான்.