செருப்புக் கடையின் சரிவான தரை

செருப்புக் கடையின் இருக்கைகள் பெண்கள் பிரிவு விற்பனைக்காரியின் பின்னால் நடக்கத் தொடங்கியபோது அவளுக்கு இரண்டாவது மாதம். முதலில் நகர்ந்தது, வாடிக்கையாளர்கள் கால் வைத்துச் செருப்பு போட்டுப் பார்க்கும் குட்டை முக்காலி. மேல் தட்டிலிருந்து பெட்டி எடுக்க அவள் திரும்பியதும், அது அவள் முழங்காலுக்குப் பின்னால் வந்து நின்றது. அவள் அதைக் காலால் தள்ளிவிட்டு, தரை சரிவாக இருக்கிறது என்றாள். நாங்களும் நம்பினோம். கடையில் வேலை பார்க்கிற எல்லோருமே புத்திசாலிகள் என்று எங்களுக்குள் ஒரு பேச்சு உண்டு.

எங்கள் கடையில் நாற்காலி என்பது செருப்பு வாங்க வருகிறவர்களுக்கு மட்டும். விற்கிறவர் உட்கார்ந்தால் வியாபாரம் படுத்துவிடும் என்பது மேலாளரின் கொள்கை. அதை அவர் கண்ணாடி அறைக்குள், சக்கரம் வைத்த நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொல்லுவார். விற்பனைக்காரி அந்தக் கொள்கைப்படி வருடக்கணக்காக நின்றவள். அடுத்த மாதம் பிரிவுப் பொறுப்பாளர் வேலை அவளுக்கு வரவேண்டியது. அதற்குள் விஷயம் தெரிந்தால் அது கைநழுவிப் போகும் என்று பயந்தாள். காரணமில்லாத பயமல்ல. முன்பு பைகள் விற்ற ஒருத்தி நல்ல செய்தி சொன்னபோது மேலாளர் அன்பாக, "நல்லா ஓய்வெடுத்துக்கோம்மா" என்றார். அந்தப் பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. அவளுடைய ஓய்வு இன்னும் முடியவில்லை.

ஆகவே மறைத்தாள். மறைப்பதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்றும் நினைத்துக்கொண்டாள். புதுச் செருப்பின் பசை வாடை பட்டதும் வயிற்றைப் புரட்டும், கிடங்குக்கு ஓடுவாள். வெறுங்கையோடு திரும்பினால் சந்தேகம் வருமே என்று ஒவ்வொரு தடவையும் ஒரு பெட்டியைத் தூக்கி வருவாள். நாங்கள் அதைச் சுறுசுறுப்பு என்று எடுத்துக்கொண்டு, அவளைப் போல உழைக்க வேண்டும் என்று பேசிக்கொண்டோம். ஒரு நாள் பெட்டியைத் திறந்தால் இரண்டும் இடது கால். இப்போது இதுதான் நாகரிகம் என்று சொல்லி அதை விற்கவும் பார்த்தாள். பிற்பாடு இதை எங்களிடம் சொன்னவளும் அவள்தான். சொல்லும்போது சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

முக்காலி நகர்ந்த வாரக் கடைசிக்குள் முதுகு வைத்த நாற்காலிகளும் சேர்ந்துகொண்டன. அவள் கல்லாவுக்குப் போனால் வரிசையாகப் பின்னால் போயின. நாங்கள் கொத்தனாரைக் கூப்பிட்டோம். அவர் மட்டம் வைத்துப் பார்த்து, தரை சரியாகத்தான் இருக்கிறது, உங்களுக்குத்தான் ஏதோ சரியில்லை என்று சொல்லிக் கூலி வாங்கிக்கொண்டு போனார். அதன்பிறகும் அடங்காமல் நாற்காலிகளை ஒன்றோடொன்று கட்டிப்போட்டோம். கடையில் கயிறு இல்லாததால் ஷூ லேஸ். அவை ரயில் பெட்டிகள் போல மொத்தமாகக் கிளம்பின. கடைசி நாற்காலியில் இருந்த ஒரு பெரியம்மா ஆண்கள் பிரிவு வரை போய்வந்துவிட்டு, தனக்குப் பிடித்த நிறம் அங்கேயும் இல்லை என்றார்.

அவள் வீட்டு நாற்காலிகள் அசையவில்லை. அங்கே உட்காரத் தடையில்லை, நேரம்தான் இல்லை. பேருந்து ஓட்டுகிற கணவன், "சொல்லித் தொலையேன்" என்றான். "உக்காந்து சம்பாதிக்கிறவங்களுக்கு என்ன, சொல்லுவீங்க" என்றாள். மருத்துவர் இன்னும் தெளிவாகச் சொன்னார்: "நிக்கறதைக் குறைக்கணும்மா. இதுக்காக உன்னை வேலையை விட்டு எடுக்க முடியாது. சம்பளத்தோட லீவும் உண்டு. ஆனா நீ வாயைத் திறந்து கேட்டாத்தான் கிடைக்கும்." அவள் தலையாட்டிவிட்டு வந்து, மறுநாளும் நின்றாள்.

ஒரு மதியம் அடிவயிறு இழுத்துப் பிடித்தது. அலமாரியைப் பற்றிக்கொண்டு அசையாமல் நின்றாள். இத்தனை நாளும் எதற்குப் பயந்தோம் என்று அவளுக்கே வெட்கமாகிவிட்டது. பதவி போனால் போகட்டும், இந்த உயிர் தங்கினால் போதும் என்று நினைத்தாள். அந்த நேரத்தில் கண்ணாடி அறையின் கதவு திறந்து, மேலாளரின் நாற்காலி வெளியே வந்தது. மேலாளரும் அதில் இருந்தார். கையில் தொலைபேசி, முகத்தில் கலவரம். குழந்தைகள் காலணி, பள்ளிக் காலணி எல்லாவற்றையும் தாண்டி, நாற்காலி அவள் பின்னால் வந்து நின்றது.

"சார், எனக்கு மூணாவது மாசம். உக்காரணும்" என்றாள்.

அவர் எழுந்தார். பழக்க தோஷத்தில், "நல்லா ஓய்வெடுத்துக்கோம்மா" என்றார்.

"இப்ப ஓய்வு வேணாம் சார், நாற்காலி போதும். ஓய்வு அப்புறமா, சம்பளத்தோட எடுத்துக்கறேன்" என்று சொல்லி உட்கார்ந்தாள். வயிறு மெல்ல இளகியது. அவர் எவ்வளவு இழுத்தும் நாற்காலி அறைக்குத் திரும்பவில்லை. அவளைப் பொறுப்பாளராக அறிவித்த அன்று சாயங்காலம்தான் அது தானாக உருண்டு அறைக்குத் திரும்பியது. அதன்பிறகு அவள் கடை நாற்காலியில் உட்கார்ந்தே விற்றாள், வியாபாரம் படுக்கவில்லை. சம்பளத்தோடு விடுப்பில் போனாள், மகளைப் பெற்றாள், திரும்பி வந்து எங்களை அதிகாரம் செய்தாள்.

போன வாரம் குட்டை முக்காலி மறுபடி நகர்ந்து, கல்லாவில் நிற்கும் பெண்ணின் பின்னால் போய் நின்றது. அவள் எங்களைப் பார்த்து விழித்தாள். "தரை சரிவா இருக்கு போல" என்றாள். "ஆமா, நல்ல சரிவு" என்றோம். பொறுப்பாளரம்மா தண்ணீர் பாட்டிலை அவள் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டுப் போனாள். கண்ணாடி அறைக்குள் மேலாளர் மட்டும் தன் நாற்காலியிலிருந்து முன்கூட்டியே எழுந்து நின்றுகொண்டார்.