சாமை மூட்டையும் நேர்கோடும்

மழை விட்டபாடில்லை. மூன்று நாளாக ஜவ்வாது மலையே ஊறிப்போய்க் கிடந்தது. ஆனால் ஜூடியின் மடிக்கணினிக்குள் அந்த மழை பெய்யவே இல்லை. திரையில் ஒரு பச்சைக்கோடு, ஏறாமலும் இறங்காமலும், நேராகப் போய்க்கொண்டிருந்தது. காலையில் கிராம நிர்வாக அலுவலர் போனில் கேட்டபோது, அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் அவள் பதில் சொன்னாள்: "சரிவுல தண்ணி ஏறல சார். பள்ளிக்கூடத்துலயே ஜனங்களைத் தங்க வைக்கலாம்."

இப்போது ஈச்சங்கொல்லை ஊர் மொத்தமும் அந்தச் சரிவின் அடியிலிருந்த பள்ளிக்கூடத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. ஒருத்தி சொன்ன சொல்லை நம்பி ஊரே வந்து உட்கார்ந்தால், சொன்னவளுக்குச் சோறு எங்கே இறங்கும்? ஜூடி காலையிலிருந்து வெறும் டீயோடு தலைமையாசிரியர் அறையில் கோட்டைப் பார்த்தபடி இருந்தாள்.

நெல்லிவாசல்நாடு என்ற மலைப்பகுதியின் ஒரு மூலையில் இருக்கும் இந்த ஊரில் கான்கிரீட் கூரை போட்ட கட்டடங்கள் இரண்டே இரண்டு. ஒன்று பள்ளிக்கூடம். இன்னொன்று சரிவின் உச்சியில், ஊர்ப் பொதுவில் தானியம் வைக்கக் கட்டிய கொட்டகை. அந்தக் கொட்டகையைத்தான் ஜூடியின் கருவிக்கு ஊர் கொடுத்திருந்தது. கருவிக்குள் லேசரால் குளிரவைத்த அணுக்கள் விழுந்துகொண்டே இருக்கும். அவை விழும் வேகத்தில் நேரும் மயிரிழை வித்தியாசத்தை வைத்து, அடியில் எவ்வளவு பாரம் இருக்கிறது என்று கணக்குப் போடலாம். மண் தண்ணீரைக் குடித்தால் பாரம் கூடும், கோடு ஏறும். ஏறினால் மலை சரியப் பார்க்கிறது என்று அர்த்தம். ஊரார் அதற்குப் பாரப்பெட்டி என்று பேர் வைத்திருந்தார்கள். ஜூடிக்கே அந்தப் பேர்தான் வாயில் வந்தது.

இப்படிப்பட்ட கருவிகள் முன்பும் உண்டு. ஆனால் தனித்தனியாக விழும் அணுக்கள் ஒவ்வொன்றும் தன் போக்கில் கொஞ்சம் பிசகும். அந்தப் பிசகெல்லாம் சேர்ந்து கோட்டை நடுங்கவைக்கும். அணுக்களைக் குவாண்டம் பிணைப்பில் ஒன்றோடொன்று கட்டிவிட்டால், ஒன்றின் பிசகை இன்னொன்று சரிக்கட்டிவிடும் என்பது ஜீவானந்தத்தின் கோட்பாடு. அவர் பெங்களூரில் இருந்த இயற்பியலாளர், ஜூடியின் மேலதிகாரி. கணக்கு அவருடையது, கட்டிமுடித்தது அவள். கோடு நடுங்கினால் பார்ப்பவர் மனதில் சந்தேகம் ஒட்டிக்கொண்டிருக்கும். இந்தக் கோட்டில் நடுக்கமே இல்லை. அதனால் யாருக்கும் சந்தேகமும் வரவில்லை.

"மேல பூரா பாறை, ஜூடி. தண்ணி வழிஞ்சு ஓடிடுது, மண்ணுக்குள்ள இறங்கல" என்று முந்தின நாள் ஜீவானந்தம் போனில் சொல்லியிருந்தார். அவர் குரலில் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தக் கோட்டின் படத்தை அவர் யார் யாருக்கெல்லாம் அனுப்பினாரோ தெரியாது.

சரி, வழிந்து ஓடுகிறது. ஓடிய தண்ணீர் எங்கே? ஜூடி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தை ஒட்டிப் போகும் ஓடை கரைபுரண்டிருக்க வேண்டும். அதுவோ கணுக்கால் ஆழத்தில், செம்மண் கலங்கலாக, சோம்பலாக நகர்ந்துகொண்டிருந்தது. எழுந்து தாழ்வாரத்துக்கு வந்தாள்.

தாழ்வாரத்தில் மூன்று கல் கூட்டி, பெரிய குண்டானில் ஊருக்கே உலை வைத்திருந்தார்கள். துடுப்பைப் பிடித்திருந்தவள் மாதம்மாள், ஊர்க்கவுண்டர் கோபால்சாமியின் மனைவி. கொட்டகைச் சாவியும் அவள் பொறுப்புதான். சுற்றிலும் ஜனம். ஆடு, கோழிக்கூடை, பாய், பாலிதீன் சுற்றிய டிவி, பூசணிக்காய்கூட வந்திருந்தது. ஜூடியின் கண் எதையோ தேடியது. என்ன தேடுகிறோம் என்று அவளுக்கே கொஞ்சம் கழித்துத்தான் புரிந்தது.

"அக்கா, பூசணிக்காய்வரைக்கும் தூக்கிட்டு வந்திருக்கீங்க. இப்பத்தான் அறுப்பு முடிஞ்சுது. சாமை மூட்டை ஒண்ணுகூட காணோமே?"

"அது இங்க இன்னாத்துக்கு? ஈரம் பட்டா முளைச்சிப்பூடும். எல்லாம் மேல பத்திரமா கீது."

"மேலன்னா?"

"உன் கொட்டாயிலதாம்மா." மாதம்மாள் துடுப்பை நிறுத்தாமல் சொன்னாள். "வூடு ஒழுவ ஒழுவ ஒவ்வொருத்தரா எடுத்தாந்தாங்க. மழை ஜாஸ்தியாவ ஜாஸ்தியாவ மூட்டையும் ஜாஸ்தியாச்சி. இன்னா பண்றது?"

"ஐயோ, நான் வெள்ளைக்கோடு போட்டுட்டு வந்தேனே அக்கா!"

மாதம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. "கோட்டுக்குள்ள எவனாவது கால் வெச்சிருந்தா என்னைக் கேளு. ஏணிய அந்தாண்ட சாத்தி, பரண் மேலதான் அடுக்கினோம். உன் பெட்டிக்கு நேர் மேல. அங்க ஒரு சொட்டு ஒழுவாது."

கருவியைச் சுற்றித் தரையில் சுண்ணாம்பால் வட்டம் போட்டு, இதற்குள் ஆள் நிற்கக் கூடாது, பொருள் வைக்கக் கூடாது என்று ஊரைக் கூட்டிச் சொன்னது அவள்தான். அளவெடுத்து முடியும்வரை நானே உள்ளே வரமாட்டேன் என்று பெருமையாகச் சொன்னதும் அவள்தான். ஊரார் சொன்னதை எழுத்துப் பிசகாமல் கேட்டார்கள். அவள் தரையைச் சொன்னாள். தலைக்கு மேலே சொல்லவில்லை.

அடியில் இருக்கும் பாரம் அணுவைக் கீழே இழுக்கும். தலைக்கு மேல் இருக்கும் பாரம் மேலே இழுக்கும். மழை கூடக் கூட மண்ணுக்குள் தண்ணீர் ஏறியது. அதே மழையில் வீடுகள் ஒழுகி, பரணில் மூட்டை ஏறியது. இது கூட்டியதை அது கழித்துக்கொண்டே வந்தது. மலை மூன்று நாளாக உண்மையைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. பரண் அதை அழித்துக்கொண்டே இருந்தது. அவளும் ஜீவானந்தமும் அந்த அழித்த இடத்தைப் பார்த்துப் பூரித்துப்போயிருந்தார்கள்.

ஓடைப்பக்க ஜன்னலில்தான் சிக்னல் கிடைக்கும். ஜீவானந்தத்தைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"எவ்வளவு எடை, எந்த உயரம்னு தெரியாம எதையும் சொல்ல முடியாது ஜூடி. மூட்டைகளை இறக்கச் சொல்லு. திரும்ப அளந்து பார்ப்போம்."

"சார், அதுக்குள்ள மலை இறங்கிடும்."

"காலையில பத்திரம்னு சொன்னே. மத்தியானம் ஆபத்துன்னு சொன்னா, நாளைக்கு இந்தக் கருவியை எவன் நம்புவான்? ஒரே ஒரு அளவு, அவ்வளவுதானே கேட்கிறேன்."

அவர் கெட்டவர் இல்லை. பல வருஷ உழைப்பு அந்தக் கோட்டில் இருந்தது, அவளுடையதும்தான். ஜூடி போனை வைத்துவிட்டுத் தாழ்வாரத்துக்கு ஓடினாள்.

"எல்லாரும் எழுந்திருங்க! உடனே இங்கேருந்து கிளம்பணும். ஓடையத் தாண்டி எதிர்மேட்டுப் புளியந்தோப்புக்குப் போயிடலாம்."

ஒருவரும் அசையவில்லை. கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த ரஞ்சிதம் நிமிர்ந்து பார்த்தாள். "காலைல நீதானே இங்க குந்துன்னு சொன்ன? இந்த மழைல பச்சைப் புள்ளைய இட்னு எங்க போறது?"

"கவுண்டரு சொல்லட்டும்" என்றது ஒரு குரல். "ஆமா, அவர் சொல்லித்தானே வந்தோம்" என்றது இன்னொன்று. அந்த ஊர் வழக்கம் அது. ஊர்க்கவுண்டர் ஓரிடத்தில் உட்காரச் சொன்னால், அவர் எழுந்திருக்கச் சொல்லும்வரை எழக்கூடாது.

"அவரு எங்கக்கா?" ஜூடி மாதம்மாளைப் பார்த்தாள்.

"கடைசி மூட்டைய எடுத்துனு கொட்டாய்க்குப் போயிருக்காரு. சாவியும் அவராண்டதான் கீது." சொல்லும்போதே மாதம்மாளின் முகம் மாறியது. துடுப்பை விட்டாள். ஜூடியின் அருகில் வந்து, கண்ணுக்கு நேராகப் பார்த்துக் கேட்டாள்: "உன் பெட்டி சொல்லுதா, நீ சொல்றியா?"

பெட்டி சொல்கிறது என்று சொல்லியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அந்த ஊருக்குப் பெட்டிமேல் அவ்வளவு மரியாதை.

"பெட்டி ஒண்ணும் ஆபத்துன்னு சொல்லலக்கா. நான்தான் சொல்றேன். கோட்டைத் தரையில மட்டும் போட்டது என் தப்பு. காலையில சொன்னதும் தப்பு."

மாதம்மாள் அடுப்பருகே போனாள். தண்ணீர்க் குடத்தைத் தூக்கினாள். பாதி வெந்த உலை கொதித்துக்கொண்டிருக்க, அடியில் எரிந்த நெருப்பில் மொத்தத் தண்ணீரையும் கவிழ்த்தாள். புஸ்ஸென்று புகை எழுந்து தாழ்வாரத்தை மூடியது. கூட்டத்தில் இருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பொது உலைக்கு மூட்டிய அடுப்பைக் கடைசி ஆள் சாப்பிடும்வரை அணைக்க மாட்டார்கள். உலை கொதிக்கும்போது அடுப்பில் தண்ணீர் ஊற்றுவது சாவு விழுந்த வீட்டில் மட்டும்தான்.

"எழுந்திருங்க" என்றாள் மாதம்மாள். கவுண்டர் சொல் தேவைப்படவில்லை. ஊர் எழுந்தது.

ஆட்டை இழுத்துக்கொண்டும், பிள்ளைகளை இடுப்பில் ஏற்றிக்கொண்டும், திட்டிக்கொண்டும் ஓடையைத் தாண்டினார்கள். மாதம்மாள் மட்டும் கரையில் நின்று, இரு கையையும் வாயில் குவித்து, சரிவைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். கொல்லையில் பன்றி விரட்டும் கூவல் அது. வேறு நாளாக இருந்தால் அடுத்த மலைக்குக் கேட்கும். மழை அதை விழுங்கிவிட்டது. மறுபடி கூவினாள். பதில் இல்லை.

ஜூடி சரிவை நோக்கி ஓடப்போனாள். மாதம்மாள் அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். "நீ எங்க போற? இவங்களைக் கெளப்பிவுட்டது நீ. இவங்களோட போ." இருவரும் கடைசியாக மேடேறினார்கள்.

புளியந்தோப்பில் நின்றார்கள். நேரம் போனது. ஒன்றும் நடக்கவில்லை. எதிரே பள்ளிக்கூடம் அமைதியாக நனைந்துகொண்டிருந்தது. ரஞ்சிதத்தின் குழந்தை குளிரில் வீறிட்டது. "படிச்சவ பேச்சைக் கேட்டா இப்டித்தான்" என்று யாரோ ஜூடியின் காதில் விழும்படியே சொன்னார்கள். இரண்டு பேர் பாயைச் சுருட்டிக்கொண்டு திரும்பிப் போகத் தயாரானார்கள். அந்த நேரத்தில் ஜூடியின் மனது, விழுந்துதான் தொலையேன் என்று மலையைப் பார்த்துக் கெஞ்சியது. அடுத்த நொடி கோபால்சாமி நினைவுக்கு வந்தார். வேண்டாம் மாதாவே, நான் சொன்னது பொய்யாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று வாய்விட்டே சொன்னாள்.

முதலில் சரிவிலிருந்த மரங்கள் நின்றபடியே நகர்ந்தன. பிறகுதான் சத்தம் வந்தது. கொட்டகை ஒருபுறமாகச் சாய்ந்து உள்ளே போனது. செம்மண்ணும் பாறையுமாகக் கீழே வந்து, பள்ளிக்கூடத்தின் தாழ்வாரத்தை, அடுப்பை, குண்டானை, தலைமையாசிரியர் அறையை மூடிவிட்டு ஓடையில் போய் நின்றது. திரும்பிப் போகக் கிளம்பியவர்கள் கையிலிருந்த பாயைக் கீழே போட்டார்கள். மாதம்மாள் மண் நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டு, "ஐயோ, சாமி" என்று முணுமுணுத்தபடி இருந்தாள். ஜூடி அவள் பக்கத்தில் நின்றாள். தொட்டுத் தேற்றக்கூடக் கை வரவில்லை.

தோப்புக்குப் பின்னாலிருந்து ஆடுகள் சிதறின. புதரை விலக்கிக்கொண்டு கோபால்சாமி வந்தார். தலைமுதல் கால்வரை சேறு. தோளில் மூட்டை அப்படியே இருந்தது.

மாதம்மாள் ஓடிப்போய் அவர் மார்பில் கையால் அடித்தாள். "எங்கய்யா போய்ட்டே? எங்க போய்ட்டே?"

"கதவு தெறக்கல" என்றார் அவர், மூச்சு வாங்க. "சாவி திரும்புது, நெலை கோணிக்கிச்சி. நேத்து நல்லா இருந்த நெலை இன்னைக்கி ஏன் கோணுது? மனசு சரியில்ல. அந்தாண்ட வழியா எறங்கி சுத்தினு வந்தேன், ஆடு கத்தற சத்தம் கேட்டு இங்க ஏறினேன்." பிறகு எதிரே பார்த்தார். ஊரின் ஒரு வருஷச் சாமை அந்த மண்ணுக்குள் இருந்தது. "விதைக்கு இது ஒண்ணுதான் மிச்சம்" என்றார்.

ஜூடியின் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. மேட்டில் சிக்னல் கிடைத்துவிட்டது போல. ஜீவானந்தம் எப்போதோ அனுப்பிய செய்தி: கோடு இன்னும் நேராகத்தான் இருக்கிறது, அவசரப்பட்டு எதுவும் செய்துவிடாதே.

"யாரும்மா?" என்று கேட்டாள் மாதம்மாள்.

"எங்க சார்தான்க்கா. மேல ஒண்ணும் ஆகலியாம்." சொல்லி முடிப்பதற்குள் ஜூடிக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

மாதம்மாள் அவளைத் தேற்றவில்லை. முந்தானையால் புருஷன் முகத்துச் சேற்றைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "அடுத்த தபா கோடு போட்டா, தலைக்கு மேலயும் போடு."

"போடறேன்க்கா."

ஈரத்தில் வைக்க மனமில்லாமல் கோபால்சாமி மூட்டையைத் தோளிலேயே சுமந்துகொண்டு நின்றார். ஜூடி தன் மழைக்கோட்டைக் கழற்றி அதன்மேல் போர்த்தி, நான்கு பக்கமும் இழுத்துக் கட்டினாள்.