இடது பாக்கெட்

கத்தியைப் பார்க்கவில்லை, கிளிப்பைத்தான் பார்க்கிறார். பார்க்கட்டும். உட்கார்ந்தால் அது கொஞ்சம் தூக்கிக்கொண்டுதான் நிற்கும். நின்றுகொண்டே பேசியிருந்தால் சட்டை மறைத்திருக்கும். உட்காரச் சொன்னது அவர்தானே.

எலெய்ன் இப்படி நினைத்தபடி மேனேஜர் ஹேமநாதனின் மேசைக்கு எதிரே அமர்ந்திருந்தாள். அவளுடைய கால்சட்டையின் இடது பாக்கெட் விளிம்பில் ஒரு சின்ன எஃகுப் பட்டை பளபளத்தது. அந்தப் பட்டையைப் பிடித்துக்கொண்டு துணிக்குள் தொங்கியது மடக்குக் கத்தி.

"நேத்து நடந்தத என்னால இன்னும் மறக்க முடியல," என்றார் ஹேமநாதன்.

மலேசியாவில் பகாவ் ஊரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் அந்தச் செம்பனைத் தோட்டத்துக்கு நேற்று தலைமை அலுவலகத்திலிருந்து சிவசிதம்பரம் வந்திருந்தார். தற்காலிக உதவி மேனேஜராக இருக்கும் எலெய்னை அந்த வேலையில் நிரந்தரமாக்கலாமா என்று பார்க்க வந்தவர் அவர். நாற்றுப் பண்ணையைச் சுற்றிப் பார்த்த பிறகு, வருகைத் தாளில் கையெழுத்துப் போட அவருக்குப் பேனா தேவைப்பட்டது. தோட்டத்தில் ஒருவர் பாக்கெட்டில் கிளிப் தெரிந்தால் அது பேனாதான். கிராணிமார் என்ற கணக்கெழுத்தர்கள் இருந்த காலத்திலிருந்தே அப்படி. பெண்களின் யூனிஃபார்ம் சட்டைக்குக் கம்பெனி மேல்பாக்கெட் வைக்காததால், எலெய்னின் பேனா கால்சட்டையில் இருப்பதாக அவர் எடுத்துக்கொண்டார். கையை நீட்டினார்.

அவள் அப்போது குனிந்து ஒரு கன்றின் வேரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்றுப் பண்ணையில் அவள் முன்னால் ஒரு கை நீண்டால் அது கத்திக்குத்தான். அவள் கை அதன் பழக்கத்தைச் செய்தது. எடுத்தது, திறந்தது, பிடியை முன்னால் வைத்து நீட்டியது.

சிவசிதம்பரம் பின்னால் குதித்ததில் ஒரு கால் கன்று வைத்த பாலிபேக்கின் மண்ணுக்குள் இறங்கிவிட்டது. முதலில் சிரித்தவள் பஞ்சாலை. அங்கே வேலை செய்யும் பெண்களில் மூத்தவள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.

"எல்லாரும் சிரிச்சாங்க. அவர் மட்டும் சிரிக்கவே இல்ல," என்றார் ஹேமநாதன். "பகாவ்லதான் தங்கியிருக்காரு. சாயந்திரம் திரும்ப வர்றாரு. இனிமே ஹேண்ட்பேக்ல வச்சுக்கிறேன்னு ஒரு வார்த்த சொல்லிடு. அவ்வளவுதான்லா. நானும் உனக்காகப் பேசிட்டுத்தான் இருக்கேன்."

"மண்டோர் மைக்கல்ராஜ் இடுப்புல பாராங் கத்தி கட்டிக்கிட்டுத்தான சார் காலையில ஆள் எடுக்கிற பெரட்டுக்கு வர்றாரு?"

"அவன் ஆள் மேய்க்கிற மண்டோரு. நீ நாளைக்கு உதவி மேனேஜரு, சின்ன தொரை."

"தொரையா, தொரையம்மாவா சார்?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மொதல்ல வேல கெடைக்கட்டும். பேரு அப்புறம் வைப்போம்."

"பாக்குறேன் சார்," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

அந்த வேலை அவளுக்கு வேண்டும். அப்படிச் சொல்ல அவளுக்கு வெட்கம் இல்லை. மண்ணைத் தொட்டே அது எந்த மூலையில் புளித்திருக்கிறது என்று சொல்லத் தெரியும். ஆட்களைக் கத்தாமல் வேலை வாங்கத் தெரியும். வேறு யாரும் தன்னைவிட நன்றாகச் செய்வார்கள் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. அப்படியிருக்க, ஒரு கத்தி பாக்கெட்டில் இருந்தால் என்ன, பைக்குள் இருந்தால் என்ன? நியாயமான கேள்விதான் என்று பட்டது. படிக்கட்டிலேயே நின்று கத்தியைக் கழற்றி ஹேண்ட்பேக்கில் போட்டு ஜிப்பை இழுத்தாள். கைப்பையை மோட்டார் சைக்கிளின் சீட்டுக்கு அடியில் வைத்தாள்.

மோட்டாரை ஓட்டிக்கொண்டு போகும்போது இடுப்பின் அந்தப் பக்கம் வெறிச்சென்று இருந்தது.

அந்த இடத்தை அவள் சும்மா பிடிக்கவில்லை. முதலில் வலது பாக்கெட்டில்தான் மாட்டினாள். அங்கே மோட்டார்ச் சாவியும் கத்தியும் ஒன்றையொன்று சுரண்டின. அதோடு ஓட்டும்போது வலது கையை முறுக்குப் பிடியிலிருந்து எடுக்க முடியாது. பிறகு கிளிப்பே இல்லாமல் பாக்கெட்டின் ஆழத்தில் போட்டுப் பார்த்தாள். அடியில் குறுக்காகப் படுத்துத் தொடையைக் கடித்தது, உட்காரும்போது நழுவி விழுந்தது. வெயிலுக்காக ஜாக்கெட்டை முன்பின்னாகத் திருப்பிப் போட்டு ஓட்டுவது எல்லோரையும்போல அவளுக்கும் வழக்கம். அந்த ஜாக்கெட் மூடாத இடம் இடுப்பின் ஓரம் மட்டும்தான். கடைசியில் பகாவில் மூக்குக் கண்ணாடி விற்கும் கடைக்காரரிடம் கொடுத்தாள். அவர் பொடித் திருப்புளியால் கிளிப்பை மறுபக்கம் மாற்றி முடுக்கிக் கொடுத்தார். அன்றிலிருந்து இடது பாக்கெட், பின்தையலை ஒட்டி. மடித்த முனை மேலே பார்த்து இருக்கும், கத்தியின் முதுகு தையலில் சாய்ந்திருப்பதால் தானாகத் திறக்காது. இழுக்கும்போதே கட்டைவிரல் சரியான இடத்தில் வந்து உட்காரும். பகாவுக்குப் போகும் நாட்களில் மட்டும் போலீஸ் சோதனையை நினைத்து வீட்டில் வைத்துவிடுவாள். அது சட்டம், அதில் அவளுக்கு வருத்தம் இல்லை.

இது சட்டம் இல்லை. கத்தி வேண்டாம் என்று ஹேமநாதன் சொல்லவே இல்லை. அது தெரியக்கூடாது என்றுதான் சொன்னார்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வானம் கறுத்தது. நாற்றுப் பண்ணையில் இளம் கன்றுகளுக்கு மேலே கட்டியிருந்த கறுப்பு நிழல்வலை விம்மி விம்மி அடங்கியது. மழைக்கு முன்னால் வரும் காற்று அங்கே எப்போதும் மழையைவிட மோசம். ஒரு மூலையில் கயிறு அறுந்து, வலை கப்பல் பாய்போல மேலே எழுந்தது. அடுத்த கம்பம் மண்ணோடு ஆடத் தொடங்கியது. பஞ்சாலை ஓடிப்போய்க் கம்பத்தைக் கட்டிப் பிடித்தாள். காற்றில் வெட்டி இழுத்த கயிறு அவளுடைய மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டது.

"கயித்த வெட்டுங்க மிஸ்!"

எலெய்னின் கை இடது இடுப்புக்குப் போனது. துணிதான் இருந்தது. கட்டைவிரல் வெறும் தையலை அழுத்தியது.

"என்ன மிஸ், பேனாவத் தொலைச்சிட்டீங்களா?" பஞ்சாலை கத்தினாள். அந்த நேரத்திலும் அவளால் கிண்டலை விட முடியவில்லை.

மோட்டார் கால்வாய்க்கு அப்பால் நின்றது. பாராங்கும் அரிவாளும் அதற்கும் அப்பால், ஸ்டோரில். எலெய்ன் ஓடினாள். சீட்டைத் தூக்கி, ஜிப்பை இழுத்து, குடையையும் டிஷ்யூவையும் ரொட்டிப் பாக்கெட்டையும் கீழே கொட்டினாள். திரும்பி ஓடிவந்து கயிற்றில் கத்தியை வைத்து இழுத்தாள். வலை பட்டென்று விடுபட்டு வேலிப்பக்கம் போய் விழுந்தது. அதற்குள் கம்பம் சாய்ந்து ஒரு பாத்தி நிறையக் கன்றுகள் நசுங்கியிருந்தன. பஞ்சாலையின் மணிக்கட்டைச் சுற்றித் தோல் உரிந்து சிவந்திருந்தது.

மழை வந்தது. இருவரும் உரக் கொட்டகையில் ஒதுங்கினார்கள். எலெய்ன் தன் கைக்குட்டையை அந்த மணிக்கட்டில் கட்டினாள்.

"பைக்குள்ள ஏன் வச்சீங்க?"

"பெரிய தொரை சொன்னாரு."

"அவரு கயித்தப் புடிக்க வருவாராமா?" பஞ்சாலை கையைத் திருப்பிப் பார்த்தாள். "எரியுது லா. நேத்து அந்தப் பெரியவரு குதிச்சாரு பாருங்க, அத நெனச்சாத்தான் கொஞ்சம் மறக்குது."

எலெய்ன் சிரித்தாள். உள்ளே மட்டும் ஏதோ மிக அமைதியாக, நிதானமாக இடம் மாறி உட்கார்ந்ததுபோல இருந்தது. கோபம் இல்லை. சந்தேகம் தீர்ந்துபோனால் இப்படித்தான் இருக்கும்போல. காலையில் கைப்பைக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பார்த்ததும் நல்லதுதான். இனி யாரிடமும் ஊகமாகப் பேச வேண்டியதில்லை. கத்தியைத் துடைத்து, மடித்து, தையலை ஒட்டிச் செருகினாள். கிளிப் துணியைக் கவ்வும் மெல்லிய சத்தம் கேட்டது.

சாயங்காலம் அலுவலகத்தில் சிவசிதம்பரம் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். எலெய்ன் நனைந்த காலணியை வெளியே கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். அவர் பார்வை நேராக அவளுடைய இடது பாக்கெட்டுக்குப் போய், பிறகு முகத்துக்கு வந்தது.

"எலெய்ன் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னாங்க," என்றார் ஹேமநாதன்.

"சொல்லுங்கம்மா," என்றார் சிவசிதம்பரம்.

"நேத்து பயமுறுத்திட்டேன். மன்னிச்சுக்குங்க சார். இனிமே தொறந்து நீட்ட மாட்டேன், மடிச்சுத்தான் குடுப்பேன்." அவள் வலது பாக்கெட்டிலிருந்து ஒரு பேனாவை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். "பேனா இந்தப் பக்கம் இருக்கும். இன்னைக்குக் காத்துல ஒரு பாத்திக் கன்னு போச்சு. பஞ்சாலைக்குக் கையில காயம். கத்தி அப்ப பைக்குள்ள இருந்திச்சு."

சிவசிதம்பரம் பேனாவைக் கையில் எடுத்து உருட்டினார். நேற்றைப் போலவே சிரிக்கவில்லை. அவர் முன்னால் இருந்த, அவளை நிரந்தரமாக்கும் தாளில் கையெழுத்துப் போட வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. எலெய்ன் அதைப் பார்த்தாள். ஹேமநாதனும் பார்த்தார்.

"சரி, அது ஆச்சு," என்றார் ஹேமநாதன். குரலைத் தாழ்த்தி, கிட்டத்தட்டக் கெஞ்சுவதுபோல, "ஆனா இனிமே ஹேண்ட்பேக்லதான் வைப்ப. அதையும் சொல்லிடு, எலெய்ன்."

"இல்ல சார்," என்றாள்.